கொல்லிமலையில் ஒரு சிறு சபை

‘கொல்லிமலை’ என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ் மாணவனுக்கு வல்வில் ஓரியும், வன்பரணரும், காண்போரைச் சிரித்தே கொல்லும் கொல்லிப்பாவையும் நினைவுக்கு வருவது இயல்பு. தாவரவியல் மாணவன் மூலிகையை நினைப்பான். ஆடி மாதத்தில் அறப்பளீசுவரரை வணங்கச் சென்று, ஆகாய கங்கையில் குளித்து வந்தவர்கள் காரவள்ளியிலிருந்து மேலேறும் 70 கொண்டை ஊசி வளைவுகளைச் சொல்லித் தலை சுற்றுவார்கள். ஆனால் இந்த மலையோடு ஒரு சிறு கிறித்தவ சபையின் கதையும், அதைத் தோற்றுவித்த ஒரு குடும்பத்தின் கதையும் பின்னிக் கிடப்பதை நம்மில் பலர் அறிந்திருக்கமாட்டோம். இக்கட்டுரை அதைப் பற்றியது.

இதை எழுதத் தூண்டியது நம் விடுதியில் நடந்த சிறு உரையாடல். அறைத்தோழர் ஒருவர் மலைக்காரர். “நீங்கள் சி.எஸ்.ஐ.யா, ஆர்.சி.யா?” என்று ஒருவர் கேட்டார். “இரண்டும் இல்லை, பாப்டிஸ்ட்” என்றார் அவர். “அதென்ன புதுக்கட்சி?” என்று கேட்டுச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். நான் கிறித்தவன் அல்லன். மாரியம்மன் நோன்பு சாட்டினால் ஊருக்கு ஓடிவிடுகிற கொங்கு நாட்டு விவசாயி வீட்டுப் பிள்ளை. சிரித்ததற்கு ஈடாகவாவது விசாரித்துத் தெரிந்துகொள்ளலாமே என்று தொடங்கினேன்.

யார் இந்தப் பாப்டிஸ்டுகள்?

புதுக்கட்சி அல்ல, வயது 400க்கு மேல். இங்கிலாந்தில் அரசாங்கத் திருச்சபையோடு ஒத்துப்போகாமல் ஆலந்து நாட்டுக்கு ஓடிய ஆங்கிலேயர் சிலர், ஜான் ஸ்மித் என்பவர் தலைமையில் 1609ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் கூடி அமைத்த சபையே இவர்களின் தொடக்கம் என்பர். அவர்களுள் ஒருவரான தாமஸ் ஹெல்விஸ் 1612இல் தாய்நாடு திரும்பி, இலண்டனில் ஒரு சபையை நிறுவினார். மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையிலுள்ள விவகாரத்தில் அரசனுக்கு அதிகாரமில்லை. துருக்கரோ யூதரோ வேறெவரோ, யாரையும் சமயத்துக்காகத் தண்டிக்க அரசனுக்கு உரிமையில்லை என்று துணிந்து எழுதி, அந்த நூலை அரசர் முதலாம் ஜேம்ஸுக்கே அனுப்பினார். விளைவு சிறைவாசம், சிறையிலேயே இறந்தார். மதச்சுதந்திரம் என்று நாம் அரசியல் பாடத்தில் படிக்கின்ற கொள்கைக்கு இப்படியும் ஒரு வேர் உண்டு.

இவர்களின் அடிப்படைக் கொள்கை எளியது. பெற்றோர் கிறித்தவர் என்பதால் பிள்ளை கிறித்தவனாகிவிடுவதில்லை. ஆகவே கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. வயது வந்து, தானே உணர்ந்து, ‘நான் நம்புகிறேன்’ என்று சபையார் முன் சொன்ன பிறகே தரப்படும். அதுவும் தலையில் நீர் தெளிப்பதன்று. நீரில் முழுவதும் ஆழ்த்தி எடுப்பது. ஓடையோ, கிணற்றுத் தொட்டியோ, ஆலயத்துக்குள் கட்டிய சிமெண்டுத் தொட்டியோ, ஆள் முழுக வேண்டும். இந்த ஒரு சொல்லுக்காக வங்காளத்தில் பெரிய வழக்கே நடந்தது. செருப்புத் தைக்கும் தொழிலாளியாக இருந்து 1793இல் கல்கத்தா வந்திறங்கிய வில்லியம் கேரியும் அவருடைய செராம்பூர்த் தோழர்களும் பாப்டிஸ்டுகளே. அவர்கள் மரபில் வந்த வங்க மொழிபெயர்ப்பில் இச்சடங்கை ‘முழுக்கு’ என்னும் பொருள்படும் சொல்லால் பெயர்த்தார்கள் என்பதற்காக, இலண்டன் வேதாகமச் சங்கம் பணம் தர மறுத்துவிட்டது. பாப்டிஸ்டுகள் 1840இல் தமக்கெனத் தனி மொழிபெயர்ப்புச் சங்கமே வைத்துக்கொள்ள நேர்ந்தது. தமிழில் அந்தச் சண்டைக்கு அவ்வளவு இடமில்லை. ‘ஸ்நானம்’ என்றாலே நமக்குத் தலை நனையக் குளிப்பதுதானே! தெளிக்கிறவர்களும் ஞானஸ்நானம் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். மொழி யாரையும் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை.

மற்றொரு கொள்கை ஆட்சி முறை பற்றியது. இவர்களுக்குப் பேராயர் இல்லை. ஒவ்வொரு சபையும் தன்னைத்தானே ஆண்டுகொள்ளும். போதகரை அழைப்பதும், உதவிக்காரர் எனப்படும் டீக்கன்மாரைத் தேர்ந்தெடுப்பதும், புதிய உறுப்பினரை ஏற்பதும், தவறியவரைத் தற்காலிகமாக விலக்குவதும் சபைக்கூட்டத்தின் முடிவு. 1947 செப்டம்பரில் ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள், காங்கிரிகேஷனல் சபையார், பிரஸ்பிட்டேரியர் முதலியோர் கூடித் தென்னிந்தியத் திருச்சபையை அமைத்தபோது பாப்டிஸ்டுகள் அதில் சேராமல் நின்றதற்கு மேற்சொன்ன இரண்டு கொள்கைகளையும் காரணமாகக் கொள்ளலாம். கோவையில் 1830 முதலும் சேலத்தில் அதற்குச் சற்று முன்பும் இலண்டன் மிஷன் வேரூன்றியிருந்ததால், கொங்கு நாட்டின் பழைய பெரிய ஆலயங்கள் பெரும்பாலும் இன்று சி.எஸ்.ஐ.யைச் சேர்ந்தவையே. பாப்டிஸ்டுகள் இங்கே என்றும் சிறு கூட்டம்.

அந்தச் சிறு கூட்டத்துக்கும் முன்னே இன்னொரு அடைமொழி உண்டு: ‘ஸ்டிரிக்ட்’ பாப்டிஸ்ட். கண்டிப்பான என்று பொருள். மது, சீட்டாட்டம் பற்றிய கண்டிப்பு என்றே நான் முதலில் நினைத்தேன். விஷயம் வேறு. நம்பி முழுக்கு எடுத்தவர்களுக்கு மட்டுமே திருவிருந்துப் பந்தியில் அப்பமும் இரசமும் என்பதே அந்தக் கண்டிப்பு. விருந்தினராக வந்தவர் எவ்வளவு பெரியவரானாலும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இங்கிலாந்திலிருந்த இப்பிரிவினர் 1861இல் ஒரு மிஷனை ஏற்படுத்தினார்கள். தமிழ்நாட்டில் அதன் பணிக்களங்களுள் ஒன்றாகச் சேந்தமங்கலம், நாமக்கல் வட்டாரம் அமைந்தது. அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் கொல்லிமலை.

மலைக்குப் போன கட்டடக்காரர்

ஜெஸ்ஸி பிராண்ட் கட்டடத் தொழில் தெரிந்தவர். வெப்பநாட்டு நோய்களுக்கான வைத்தியத்தில் ஓராண்டு மட்டும் பயிற்சி பெற்றவர். டாக்டர் பட்டம் இல்லை. இலண்டனில் வசதியான வீட்டில் வளர்ந்த எவலின் ஹாரிஸ் என்ற பெண்மணியும் அதே மிஷனில் சேர்ந்து தமிழ்நாடு வந்தார். இருவருக்கும் 1913இல் சேந்தமங்கலத்தில் திருமணம். மணமக்கள் நேரே மலையேறினார்கள். ஜெஸ்ஸி மரவீட்டின் பாகங்களைக் கீழே செய்து, தலைச்சுமையாக மேலே அனுப்பிப் பூட்டியிருந்தார். கறையான் ஏறாதபடி, வீட்டைத் தாங்கிய கால்களின்மேல் கவிழ்த்த வாணலிபோல் தகட்டு மூடிகள். மலையில் மலேரியா மிகுதி. சமவெளியார் இரவு தங்க அஞ்சிய காலம் அது.

வாழவந்தி நாட்டில் அவர்கள் குடியேறினார்கள். கொல்லிமலையின் ஊர்க்கூட்டங்கள் இன்றும் நாடு என்றே பெயர் பெறும். அரியூர் நாடு, தின்னனூர் நாடு, வளப்பூர் நாடு என்று. அங்கு வாழும் மலையாளிகள் கேரளத்தாரல்லர். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர், பேசுவது தமிழ், தாங்கள் காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் மரபுச் செய்தி. சாமை, தினை, கேழ்வரகு விளைத்து, ஊர்க்கவுண்டர், பட்டக்காரர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்த மக்கள்.

அங்கே ஜெஸ்ஸி செய்தவற்றைப் பட்டியலிட்டால் ஒரு வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் ஆண்டறிக்கை போலிருக்கும். பள்ளிக்கூடம், மருந்து கொடுத்தல், தச்சு வேலை, செங்கல் ஓடு செய்தல், பட்டுப்பூச்சி வளர்ப்பு, ஆரஞ்சுக் கன்று நடுதல், கடன் கொடுத்து நிலத்தைப் பிடுங்குவோரை எதிர்த்து அதிகாரிகளிடம் மனுச் செய்தல் என்று நீளும். அவற்றுள் ஒன்றை மட்டும் விரித்துச் சொல்கிறேன்; அறிவியல் மாணவர்க்கும் அது சுவையாக இருக்கும்.

நரம்புச் சிலந்தி என்று நம் பாட்டிமார் சொன்ன நோய் இன்று நம் தலைமுறைக்குத் தெரியாது. குடிநீரில் உள்ள கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான சிறு நீர்ப்பூச்சியை விழுங்கினால், அதனுள்ளிருக்கும் புழுக்குஞ்சு உடம்புக்குள் ஓராண்டு வளர்ந்து, இரண்டு மூன்று அடி நீள நூல்போலாகிக் காலில் கொப்புளம் கட்டி வெளியே தலை நீட்டும். எரிச்சல் தாங்காமல் காலைத் தண்ணீரில் வைப்பார்கள். வைத்ததும் புழு ஆயிரக்கணக்கில் குஞ்சுகளை நீரில் விடும். நீர்ப்பூச்சி அவற்றைத் தின்னும். மனிதன் அந்நீரைக் குடிப்பான். இச்சுழற்சிக்குப் படிக்கிணறு போல் வசதியான இடம் வேறில்லை. காலோடு இறங்கித்தானே குடத்தை முக்குகிறோம்! வெளிவந்த புழுவை வெடுக்கென்று இழுத்தால் அறுந்து சீழ் வைத்து, காலையே முடக்கிவிடும். சிறு குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாகப் பொறுமையுடன் இழுக்க வேண்டும். தந்தையார் இப்படிச் சுற்றியெடுத்ததைச் சிறுவனாகப் பக்கத்தில் நின்று பார்த்ததை அவர் மகன் பிற்காலத்தில் எழுதியுள்ளார்.

எத்தனை புழுவைத்தான் சுற்றுவது? ஜெஸ்ஸி கிணற்றுக்குப் போனார். சுற்றிலும் கல்சுவர் எழுப்பி, யாரும் காலோடு இறங்காமல் மேலிருந்து சேந்தும்படி செய்யச் சொன்னார். நீர்ப்பூச்சிகளைத் தின்ன மீன்களை விடச் சொன்னார். மருந்து ஊசி எதுவுமில்லை. ஒரு சுவரும் நாலு மீனும். பல்லாண்டுகளுக்குப் பின் எவலின் அம்மையாரும் ஊர் ஊராக இதையே சொல்லித் திரிந்தார். இந்திய அரசு 1980களில் நாடு தழுவிய ஒழிப்புத் திட்டத்தை மேற்கொண்டபோதும் வழி இதுவே: படிக்கிணற்றை மாற்று, நீரை வடிகட்டு, நோயாளியை நீரில் இறங்கவிடாதே. இந்தியாவின் கடைசி நோயாளி 1996இல் காணப்பட்டார். 2000இல் உலக சுகாதார நிறுவனம் நம் நாட்டை இந்நோய் நீங்கிய நாடாக அறிவித்தது.

சபை பிறந்த விதம்

இவ்வளவு செய்தும் முதல் ஆறேழு ஆண்டுகளில் சபையில் சேர ஆளில்லை. மருந்துக்கு வந்தார்கள், கதை கேட்டார்கள், போனார்கள். சேர்ந்தால் என்ன நேரும் என்பது அவர்களுக்குத் தெரியும். பெண் கொடுப்பார் இல்லை, எடுப்பார் இல்லை; நோம்பிக்கும் இழவுக்கும் தனி. மலையில் தனியாக நிற்பவன் பிழைக்க முடியுமா? உள்ளூர்ப் பூசாரி ஒருவரின் எதிர்ப்பும் பலமாக இருந்தது. அவர் கோணத்திலிருந்து பார்த்தால் அதிலும் நியாயம் இல்லாமலில்லை. எங்கிருந்தோ வந்தவர் அவருடைய தெய்வத்தையும் பிழைப்பையும் சேர்த்தல்லவா வேண்டாமென்கிறார்!

பிறகு 1918-19இல் உலகத்தையே வாரிக்கொண்டுபோன விஷக்காய்ச்சல் மலைக்கும் ஏறியது. வீடு வீடாகப் படுத்தார்கள். பிழைத்தவர்கள் காட்டுக்கு ஓடினார்கள். கணவனும் மனைவியும் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு குடிசை குடிசையாகப் போய் ஊட்டினார்கள். அந்தப் பூசாரியும் அவர் மனைவியும் படுத்தபோது அண்டை அயலார் எட்டிப் பார்க்கவில்லை. சாகும் தறுவாயில் அவர் தம் பிள்ளைகளை ஜெஸ்ஸியிடமே ஒப்படைத்தார். கைக்குழந்தையான பெண்ணைத் தம்பதியர் தம் மகளாக ஏற்று ரூத் என்று பெயரிட்டு வளர்த்தார்கள். இதற்குப் பிறகே மலையில் சபை கூடத் தொடங்கியது.

‘சேவையைக் காட்டி ஆள் பிடித்தார்கள்’ என்ற குற்றச்சாட்டு நம்மிடையே உண்டு. எனக்கும் அந்த ஐயம் இருந்தது. முழுதும் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். மதத்தைப் பரப்புவதே தம் நோக்கம் என்பதை அவர்கள் மறைக்கவில்லை. ஆனால் ஒருவரும் சேராத ஆறேழு ஆண்டும் மருந்துப்பெட்டி மூடப்படவில்லை. விலை பேசுகிற வணிகன் அவ்வளவு காலம் கடை திறந்து வைத்திருக்கமாட்டான். மேலும், வயது வந்தவன் தன் வாயால் கேட்டாலொழியச் சேர்த்துக்கொள்ளாத கண்டிப்புடைய சபைக்குக் கூட்டம் சேர்ப்பது எளிதுமன்று. என் குறை வேறொன்று. இவர்களைப் பற்றி மேனாட்டார் எழுதிய நூல்களில் மலைமக்களின் பழைய வாழ்வு வெறும் அச்சமும் இருளுமாகவே வருகிறது. அவர்களின் பாட்டும், பஞ்சாயத்தும், மூலிகை அறிவும் எங்கே போயின? மலையை ‘மரண மலை’ என்று எழுதியவர்கள் ஓரியை அறியவில்லை போலும்.

இனி, சபை நடக்கும் விதம். தோழருடன் ஒரு ஞாயிறு சென்று கடைசி வரிசையில் அமர்ந்திருந்தேன். ஓட்டுக் கூரை, சுவரில் சிலுவையோ படமோ இல்லை, ஒரு மேசை, ஒரு வேதப்புத்தகம். பெண்கள் ஒருபுறம், ஆண்கள் ஒருபுறம். சிலர் பாயில், சிலர் பெஞ்சில். ஜெபத்தைப் புத்தகம் பார்த்துப் படிப்பதில்லை. யாரேனும் எழுந்து, வீட்டில் பேசுவதுபோல் பேசுகிறார்கள். மழையில்லை என்பதும், மருமகளின் பிரசவமும், மிளகு விலையும் கடவுளிடம் சொல்லப்பட்டன. பிரசங்கம் நீளம், ஒளிப்பானேன், நடுவில் எனக்குக் கண் சொக்கியது. காணிக்கைப் பையில் காசு. பக்கத்தில் பெண்கள் கொண்டுவந்த கைப்பிடி அரிசி. அன்றாடம் உலை வைக்கும்போது ஒரு பிடியைத் தனியே எடுத்து வைத்து, ஞாயிறன்று கொண்டுவந்து சேர்க்கிறார்கள். அறுப்புப் பண்டிகையன்று பலாப்பழமும் அன்னாசியும் கோழியும் வந்து ஏலம் போகுமாம். ஒரே பூசணிக்காயை நாலுபேர் ஏலத்தில் எடுத்து எடுத்து மீண்டும் சபைக்கே கொடுப்பார்களாம்! போதகரின் சம்பளம் இப்படித்தான் சேர்கிறது.

ஆராதனை முடிந்ததும் சபைக்கூட்டம். எனக்குப் பிடித்தது அதுதான். பொருளாளர் வரவு செலவை உரக்க வாசித்தார். எண்ணெய்க்கு இவ்வளவு ஏன் என்று ஒரு மூதாட்டி கேட்டார், பதில் வந்தது. முழுக்குக்குப் பெயர் கொடுத்திருந்த இளைஞர் ஒருவர் முன்னே நின்று தம் கதையைத் தடுமாறித் தடுமாறிச் சொன்னார். ஏற்கலாமா என்று கேட்க, கைகள் உயர்ந்தன. ஆண் கையும் பெண் கையும் ஒரே கணக்கு. ஊர்க்கவுண்டர் முன் கூடிப் பேசி முடிவெடுக்கும் பழக்கமுள்ள மலையில் இம்முறை சுலபமாக ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. ஊர்ப் பஞ்சாயத்தில் பெண்ணுக்கு வாயில்லை, இங்கே உண்டு. அந்த ஒரு வேற்றுமையைப் பெரியதாகவே நான் எண்ணுகிறேன்.

கெடுதலும் இதே இடத்தில்தான். மேலே முறையிடப் பேராயர் இல்லையாதலால், சண்டை வந்தால் தீர்த்து வைப்பார் இல்லை. பெரிய குடும்பத்தின் கையே பெரும்பான்மை ஆகிவிடும் சபைகளும் உண்டு. மனஸ்தாபம் முற்றினால் தெருவுக்கு அந்தப்பக்கம் இன்னொரு சபை முளைக்கும். “எங்கள் வளர்ச்சியில் பாதி கணக்கு அப்படித்தான்” என்று தோழரே சொல்லிச் சிரித்தார்.

பின்னர் நடந்தவை

பிராண்ட் தம்பதியரின் மகன் பால் 1914 ஜூலையில் பிறந்து, மரமேறித் திரிந்து மலைப்பிள்ளையாகவே வளர்ந்தவர். 1923இல் படிப்புக்காக அவரையும் தங்கையையும் இங்கிலாந்தில் உறவினரிடம் விட்டுவிட்டுப் பெற்றோர் திரும்பினார்கள். ஊழியத்துக்காகப் பிள்ளைகளைக் கடலுக்கு அப்பால் விட்ட அந்த முடிவை என்னால் எளிதில் ஏற்க முடியவில்லை. தந்தையும் மகனும் மீண்டும் சந்திக்கவில்லை. 1929 ஜூனில் கருநீர்க் காய்ச்சல் என்னும் கொடிய மலேரியாவால் ஜெஸ்ஸி 44 வயதில் மலையிலேயே இறந்தார். தந்தி முந்திப் போயிற்று. கப்பலில் போன கடிதங்கள் பிந்தின. இறந்த தகப்பன், காட்டையும் மரங்களையும் பற்றி மகனுக்கு எழுதிய கடிதங்கள் அதன்பின் வந்துகொண்டேயிருந்தன.

அந்த மகனும் முதலில் தந்தையைப் போலவே கட்டடத் தொழில் கற்று, பின்பு மருத்துவம் படித்து, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் அழுகி விழுவதில்லை. வலி உணர்வு செத்துப்போவதால் நோயாளி அறியாமலே தீயிலும் முள்ளிலும் சிதைத்துக்கொள்கிறார் என்று நிறுவியவர் அவர். மடங்கிய விரலைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவையைத் தொழுநோயாளிகளின் கைகளில் செய்து காட்டியவரும் அவரே. தொழுநோயாளிகள் அணியும் எம்.சி.ஆர். ரப்பர்ச் செருப்பின் பின்னால் வேலூர், கரிகிரி மருத்துவர்களின் ஆராய்ச்சி உண்டு. அதில் அவருக்கும் பங்கு. 2003இல் அமெரிக்காவில் காலமானார்.

அம்மையார் என்னவானார்? எழுபதை நெருங்கியபோது மிஷன் ஓய்வு கொடுத்தது. ஒரே ஓராண்டு மலையில் இருந்துவிட்டு வருகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். ஆண்டு முடிந்ததும், மிஷனிலிருந்து ஓய்வு பெற்றேன், மலையிலிருந்து அல்ல என்பதாக நடந்துகொண்டார். தாமே செலவைப் பார்த்துக்கொண்டு கொல்லி, பச்சை, கல்வராயன் மலைகளில் மட்டக்குதிரையில் ஏறித் திரிந்தார். இடுப்பெலும்பு முறிந்த பின் இரு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். முகம் பார்க்கும் கண்ணாடி தம் வீட்டில் வேண்டாமென்று விட்டுவிட்டாராம். மகன் எத்தனை அழைத்தும் வேலூரில் தங்கவில்லை.

1974 டிசம்பர் 18ஆம் நாள், 95ஆம் வயதில் அவர் இறந்தார். உடலை மலைக்கு எடுத்துச் சென்று, 45 ஆண்டுகளுக்கு முன் கணவரைப் புதைத்த இடத்தின் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.